கறுப்பு வெள்ளையில் ஒரு மாம்பழச் சேலை

ஜன்னலைக் கொஞ்சம் மூடிக்க தாயி. எம்மேல தூசி விழுந்தாப் பரவால்ல. சேலை மேல விழக்கூடாது.

என்ன அப்படிப் பாக்குற? ஆடி மாசத்துல, காலங்காத்தால, கவர்மெண்ட் பஸ்ஸுல ஒருத்தி பட்டுச்சேலை கட்டி உக்காந்திருக்காளேன்னுதான? கண்டக்டரும் அப்படித்தான் பாத்தாரு. "எந்த மண்டபத்துல இறங்கணும்மா"ன்னு கேக்குறாரு. ஆடியில யாரு கல்யாணம் வெக்கிறா? மண்டபத்துக்கும் இல்ல, கோயிலுக்கும் இல்ல. மதுரைக்குக் கண்ணாஸ்பத்திரிக்குப் போறேன்.

எனக்கில்ல, எனக்குக் கண்ணு நல்லாத் தெரியுது. எங்க நாத்தனாருக்கு. நேத்து ஆபரேஷன் முடிஞ்சது. இன்னைக்கு மத்தியானம் கட்டுப் பிரிக்கிறாக. பிரிக்கையில நான் அவளுக்கு நேர் எதுக்க நிக்கணும். இந்தச் சேலையில நிக்கணும். மொதமொதல்ல அவ கண்ணுல இந்தக் கலருதான் விழணும். பழி வாங்கப் போறேன் தாயி. சிரிக்காத. எம்புட்டு நாளா மனசுக்குள்ள வெச்சுப் புழுங்கிக்கிட்டிருக்கேன்னு உனக்கென்ன தெரியும்.

இது என்ன கலருன்னு சொல்லு பாப்போம். மஞ்சளா? மஞ்சள்னு சொல்லாத, மஞ்சள் வேற. இது மாம்பழக் கலரு. நல்லாப் பழுத்த மாம்பழத் தோலு இருக்குல்ல, அது. பார்டரு அரக்கு. இப்ப உன் பக்கத்துலருந்து வெயிலு வருது, என் மடியில பாரு. ஆங். இப்பத் தெரியுதா? இந்தச் சேலையைத்தான் எனக்கு எடுக்காது, பொருந்தாதுன்னு சொன்னா அவ.

என் பேரு செண்பகவல்லி, ஊரு கோவில்பட்டி. அவ பேரு தங்கபுஷ்பம். எங்க வீட்டுக்காரக கூடப் பிறந்த ஒரே தங்கச்சி. சாத்தூர்ல குடுத்திருக்கு, இப்பத்தான் தாண்டி வந்தோமே, அந்தச் சாத்தூர்தான். எனக்கும் அவளுக்கும் ஒரே வயசு. நான் வாக்கப்பட்டு வந்த அன்னைக்கு அவ தாவணி போட்டுக்கிட்டு ஆரத்தித் தட்டோட வாசல்ல நிக்கிறா. நான் வலது காலை உள்ள வெக்கலை, அதுக்குள்ள பக்கத்துல நின்னவகிட்ட குசுகுசுங்கிறா, "மதினி கறுப்புதான், என்ன"ன்னு. எனக்குக் காது ரொம்ப நல்லாக் கேக்கும் தாயி. அதுதான் எனக்குப் பிடிச்ச சனியன்.

அவ சிவப்பு. சிவப்புன்னா என்ன பெரிய சிவப்பு, கோதுமை மாவு நெறம். அதுக்கே அந்தக் குடும்பத்துல அவளைத் தலையில தூக்கி வெச்சு ஆடுவாக. சரி, அதெல்லாம் விட்டுட்டேன். வாக்கப்பட்ட புதுசுல யாரு என்ன சொல்லலை. மனசுல வெச்சுக்கலை. வெச்சிருந்தா இன்னைக்கு இப்படி வரி மாறாமச் சொல்லிக்கிட்டா இருப்பேன்?

சேலைக் கதைக்கு வாரேன். அவ மக கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க எல்லாரும் மதுரைக்குப் போயிருந்தோம். சம்பந்தி வீட்டுப் பொம்பளைக எல்லாம் இருக்காக. வெள்ளை விரிப்புல வட்டமா உக்காந்திருக்கோம். கடைக்காரரு சேலையா எடுத்து வீசிக்கிட்டே இருக்காரு. எனக்கு அத்தை முறைக்கு ஒரு சேலை எடுக்கணும், அவதான் எடுத்துக் குடுக்கணும். நான் இந்த மாம்பழக் கலரைப் பாத்தேன். பாத்தவுடனே கை போயிருச்சு. தோள்ல போட்டுக்கிட்டுக் கண்ணாடி முன்னாடி போய் நின்னேன். வேற யாரோ ஒருத்தி நிக்கிற மாதிரி இருந்துச்சு. நம்ப மாட்ட, எனக்கே என்னைப் பிடிச்சுப் போச்சு.

அங்கிட்டிருந்து சத்தம் வருது. "மதினி, உங்க கலருக்கு அது எடுக்காது. வெச்சுருங்க. ஏப்பா, மதினிக்குப் பாக்குக் கலர்ல ரெண்டு எடுத்துப் போடு."

சம்பந்தி வீட்டுக்காரி ஒருத்தி சிரிச்சா. கடைக்காரரு என் தோள்ல இருந்த சேலையை உருவி மடிச்சே வெச்சுட்டாரு. பாக்குக் கலரை வாங்கிப் பைக்குள்ள வெச்சுக்கிட்டு வந்துட்டேன். ஆனா கல்யாணத்தன்னைக்கு அதைக் கட்டலை. எம்மக கல்யாணத்துக்கு எடுத்த பழைய சேலையைக் கட்டிக்கிட்டுப் போய் முதல் வரிசையில உக்காந்தேன். மண்டபமே பாத்துச்சு. அவ எடுத்துக் குடுத்த சேலையை நான் கட்டலைன்னு எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. அன்னைலருந்து அவளும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டா. பொங்கலுக்கு வருவா, அண்ணன்கூடச் சிரிச்சுப் பேசுவா. என்னைப் பாத்தா "காப்பி இருக்கா"ம்பா. அம்புட்டுத்தான் பேச்சு.

நான் சும்மா இருக்கிறவளா? மறு வாரமே தனியா மதுரைக்கு வந்து அதே கடையில அதே சேலையை எடுத்துட்டேன். பீரோவுக்குள்ள அடியில வெச்சுட்டேன். கட்டணும். ஆனா இந்த ஊர்ல, இந்தத் தெருவுல கட்டுனா என்ன பெருமை? அவ கால் வெக்காத ஒரு சீமையில போய் இதைக் கட்டி நிக்கணும். போட்டோ எடுக்கணும். ஆளு உசரத்துக்குப் பெருசாக்கி, எங்க வீட்டு ஹால்ல சோபாவுக்கு எதுக்க மாட்டணும். பொங்கலுக்கு வந்தா அவ அந்த சோபாவுலதான் உக்காருவா. காப்பி குடிக்கிற நேரம் பூரா என்னைப் பாத்துக்கிட்டே குடிக்கணும். காப்பி தொண்டையில விக்கணும்.

நல்ல திட்டமா இல்லையா? நீயே சொல்லு.

அதுக்கேத்தாப்புல எம்மக ஆனந்தி கூப்பிட்டா. பிராக்னு ஒரு ஊர்ல இருக்கா, செக் நாட்டுல. மாப்பிள்ளை அங்கதான் கம்ப்யூட்டர் வேலை. டிக்கெட் போட்டு அனுப்பிட்டாக. எங்க வீட்டுக்காரக, குளிர் ஆகாது நான் வரலைன்னுட்டாக. நான் மட்டும் கிளம்பிட்டேன். பெட்டியில மொதல்ல வெச்சது இந்தச் சேலை. அதுக்கப்புறம்தான் மகளுக்கு ஊறுகா, மாப்பிள்ளைக்குக் கடலை மிட்டாயி எல்லாம்.

ஊருன்னா ஊரு, அப்படி ஒரு பழைய ஊரு. ராசாக்க கட்டுன கோட்டை, ஊசியா ஊசியாக் கோபுரம். ரோடெல்லாம் கல்லு பதிச்சிருக்கு, முட்டிவலிக்காரி நடக்கவே முடியாது. ஒரு பெரிய கடிகாரம் இருக்கு. மணியடிக்கிற நேரத்துக்கு ஒரு எலும்புக்கூடு கயித்தை இழுத்து மணியடிக்குது. அதைப் பாத்துக் கூட்டம் கைதட்டுது. எலும்புக்கூட்டுக்குக் கைதட்டுற ஊரை நான் அன்னைக்குத்தான் பாத்தேன்.

நான் போனது தை மாசம். வானம் அம்மிக்கல்லு கணக்கா இருக்கு. ஆறும் அந்தக் கலரு, ரோடும் அந்தக் கலரு, போற வாற சனமெல்லாம் கறுப்புக் கோட்டு. சூரியன்னு ஒண்ணு இருக்கான்னே தெரியலை. இதை நீ மனசுல வெச்சுக்க. இதுலதான் நான் ஏமாந்தேன்.

மாப்பிள்ளை பேரு நவநீதன். தங்கமான பிள்ளை. ஆனா போட்டோ எடுக்கிற கிறுக்கு. ரோல் போடுற பழைய கேமரா ஒண்ணு வெச்சிருக்காக, அதைக் கழுத்துல மாட்டிக்கிட்டு விடியமுன்ன எந்திரிச்சுப் போயிருவாக. மூடுபனி வேணுமாம். ஈரம் வேணுமாம். மழை பெஞ்சா நம்ம துணி எடுக்க ஓடுவோம், அவுக போட்டோ எடுக்க ஓடுவாக. வீட்டுச் சுவரு பூராம் அந்த ஊருதான் மாட்டி வெச்சிருக்காக. பாலம், படிக்கட்டு, ஒரு குடை நடந்து போறது, ஒரு நாய் திரும்பிப் பாக்குறது. நான் ஜன்னல் வழியா வெளிய பாப்பேன், திரும்பிச் சுவத்தைப் பாப்பேன். ரெண்டும் ஒரே மாதிரி இருக்கும்.

அது கறுப்பு வெள்ளைப் படம்னு எனக்கு எப்படித் தாயி தெரியும்? ஊரே அந்தக் கலருதான்னு நினைச்சுட்டேன். சிரி, நல்லாச் சிரி. எம்மகளும் இப்படித்தான் சிரிச்சா.

சரி, மாப்பிள்ளைகிட்டயே நேராக் கேக்கலாம்லங்கிறியா? உங்க காலத்துல கேப்பீக. எங்களுக்கு மாப்பிள்ளை எதுக்க வந்தாலே முந்தானையைச் சரி பண்ணிக்கிட்டு ஒதுங்கித்தான் நிக்க வரும். எதா இருந்தாலும் மக மூலமாத்தான். "ஆனந்தி, மாப்பிள்ளைக்கு இன்னொரு தோசை வேணுமான்னு கேளு"ம்பேன். மாப்பிள்ளை அங்கயேதான் உக்காந்திருப்பாக. அப்படித்தான் இதையும் சொன்னேன். "ஆனந்தி, அந்தப் பாலத்துல வெச்சு என்னை ஒரு போட்டோ எடுக்கணும். இந்தச் சேலைக் கலரு நல்லா விழணும். அதுதான் முக்கியம். உங்க வீட்டுக்காரக கிட்டச் சொல்லு." அவ போனைப் பாத்துக்கிட்டே தலையாட்டுனா. போய் என்ன சொல்லியிருக்கா தெரியுமா? "அம்மா பாலத்துல போட்டோ எடுக்கணுங்கிறாங்க." அம்புட்டுத்தான். சேலையையும் முழுங்கிட்டா, கலரையும் முழுங்கிட்டா.

மாப்பிள்ளைக்கு ஒரே சந்தோசம். "அத்தை, நாளைக்குக் காலையிலேயே போயிருவோம்"ன்னாக. மக வேலைக்குப் போயிட்டா. நாங்க ரெண்டு பேரும் டிராம்ல போனோம். நான் ஒரு வார்த்தை பேசலை, அவுகளும் பேசலை.

அந்தப் பாலம் இருக்கே, கல்லுப் பாலம். ரெண்டு பக்கமும் சாமியார்க சிலை வரிசையா நிக்குது, நம்ம கோயில் பிரகாரம் மாதிரி. அம்புட்டுச் சிலையும் கன்னங்கரேல்னு இருக்கு. புகையும் மழையும் பட்டு அப்படி ஆயிருச்சாம். அதைப் பாக்கத்தான் உலகம் பூரா பிளேன் ஏறி வருது. அது பக்கத்துல நின்னு கட்டிப்பிடிச்சுப் போட்டோ எடுக்குது. நான் மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன், ஏ புஷ்பம், இங்க வந்து பாருடி, கறுப்புக்கு இருக்கிற மருவாதையைன்னு.

கோட்டைக் கழட்டி மாப்பிள்ளை கையில குடுத்துட்டேன். "அத்தை, ரொம்பக் குளிரு, போட்டுக்கோங்க"ங்கிறாக. கோட்டைப் போட்டுக்கிட்டா சேலை எங்கிட்டுத் தெரியும்? தலையை மட்டும் ஆட்டுனேன், வேணாம்னு. முந்தானையை நல்லா விரிச்சு, பார்டர் தெரியிற மாதிரி இழுத்து விட்டுக்கிட்டு நின்னேன். ஆத்துக் காத்து வந்து எலும்புல குத்துது. மூக்குல தண்ணியா ஊத்துது. மாப்பிள்ளை கேமராப் பட்டனை லேசுல அமுக்க மாட்டாக. ஒரு பறவை பறக்கணுங்கிறாக, பின்னாடி போறவன் போகணுங்கிறாக, பனி கொஞ்சம் விலகணுங்கிறாக. நான் அசையலை. ஒவ்வொரு தடவை அவுக கேமராவைக் கண்ணுல வெக்கையிலயும் நான் புஷ்பத்தை நினைச்சுக்கிட்டேன். நேரா அந்தக் கண்ணாடிக்குள்ள அவ உக்காந்திருக்கிற மாதிரி பாத்தேன். பாருடி, எடுக்குதா எடுக்கலையான்னு பாருடின்னு.

எம்மககூடக் கேட்டா, உங்க செல்லுல ஒண்ணு எடுத்திருக்கலாமேன்னு. அது குளிர்ல அப்பவே செத்துப் போச்சு. நான்தான் சாகாம நின்னேன்.

மறுநாள் பாத்ரூம் கதவுக்கடியில துணியை அடைச்சு, உள்ள சிவப்பு லைட்டைப் போட்டுக்கிட்டு மாப்பிள்ளை உக்காந்துட்டாக. நான் ஒண்ணுக்குப் போகக்கூட வழியில்லாம நிக்கிறேன். "ஆனந்தி, என்னம்மா பண்றாக"ன்னேன். "உங்க போட்டோவைக் கழுவுறாரும்மா"ங்கிறா. "கழுவுறாகளா? கலரு போயிராதா?"ன்னேன். அவ சிரிச்சுக்கிட்டே அங்கிட்டுப் போயிட்டா.

கதவு தொறந்துச்சு. உள்ள துணி காயப்போடுற கொடியில கிளிப்பு மாட்டி என் படம் தொங்குது. சொட்டுச் சொட்டாத் தண்ணி வடியுது.

சாம்பல் தாயி. அடுப்புச் சாம்பல் கலர்ல ஒரு சேலை. பார்டரு கரி. மாம்பழமும் இல்ல, அரக்கும் இல்ல. எம்மூஞ்சி அந்தச் சிலைக மூஞ்சியோட மூஞ்சியா நிக்குது.

மாப்பிள்ளைக்குக் கண்ணு மின்னுது. "அத்தை, நான் இத்தனை வருசமா எடுத்ததுல இதுதான் நல்ல படம். நீங்க நிக்கிறதைப் பாருங்க, பாலத்துல இன்னொரு சிலை நிக்கிற மாதிரி இருக்கு. அந்தப் பார்வையைப் பாருங்க. இந்த ஊருக்குக் கலரே தேவையில்ல அத்தை"ங்கிறாக. இதுதான் அவுக எங்கிட்ட நேராப் பேசுன பேச்சுலயே பெரிய பேச்சு. வேற எவனாவது எடுத்திருந்தா நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்டிருப்பேன். அந்தக் கேமராவை ஆத்துல வீசியிருப்பேன். மாப்பிள்ளையாச்சே, என்ன பண்றது? முந்தானையை இழுத்துப் போத்திக்கிட்டு, "நல்லாருக்கு மாப்பிள்ளை"ன்னேன். போய்க் கம்பளிக்குள்ள படுத்து அழுதேன்.

இன்னொருக்க எடுக்கலாம்னா முடியலை. அன்னைக்கே காய்ச்சல் கண்டுருச்சு. நெஞ்செல்லாம் சளி. படுக்கையிலயே கிடந்து, படுக்கையிலருந்தே பிளேன் ஏறி வந்து சேந்தேன். இங்க வந்ததும் கோவில்பட்டி ஆஸ்பத்திரியில படுக்க வெச்சுட்டாக. குத்தாத ஊசி இல்ல. வீட்டுக்கு வந்தப்ப குச்சி கணக்கா இருந்தேன். பழி வாங்கப் போயி நான்தான் சாகப் பாத்தேன்.

அந்த நேரத்துலதான் மாப்பிள்ளை ஒரு வேலை பண்ணிட்டாக. அத்தைக்குச் சொல்லாமக் குடுத்துச் சந்தோசப்படுத்தணும்னு அந்தப் படத்தைக் கம்ப்யூட்டர்ல அனுப்பி, பெருசா ஆளு உசரத்துக்குப் போட்டு, எங்க ஊர்லயே ஒரு பிரேம் கடையில கண்ணாடி போட ஏற்பாடு பண்ணிட்டாக. எனக்குத் தெரியாது. பிரேம் கடைக்காரரு என்ன நினைப்பாரு, நீயே சொல்லு. வயசான பொம்பளை, பெரிய படம், கறுப்பு வெள்ளை. நம்ம ஊர்ல எதுக்கு அப்படிப் போடுவாக? அவரு பாட்டுக்கு ஒரு சந்தனமாலையைச் சுத்திட்டாரு. மேல ஒரு சிவப்புப் பல்பும் வெச்சுட்டாரு.

எங்க வீட்டுக்காரக இருக்காகளே, அவுகதான் கூட நின்னு ஆணி அடிச்சிருக்காக. "மாலை எதுக்குப்பா"ன்னு கேட்டிருக்காக. "எல்லாத்துக்கும் போடுறதுதான் சார், படத்தோட வர்றது"ன்னிருக்காரு அவரு. சரி, சும்மா வர்றதை எதுக்கு வேணாங்கணும்னு விட்டுட்டாக. அவுகளுக்குப் படம் கோணாம இருக்கணும், அம்புட்டுத்தான் கவலை. மாட்டிட்டு, பல்பைப் போட்டுப் பாத்துட்டு, கடைக்காரரோட டீ குடிக்கப் போயிட்டாக. வாசக்கதவு தொறந்தே கிடக்கு.

நான் உள் ரூம்ல கம்பளியைப் போத்திக்கிட்டு ஆவி பிடிச்சுக்கிட்டிருக்கேன்.

அப்பத்தான் அவ வாரா. எனக்கு ரொம்ப முடியலைன்னு ஆனந்தி போன்ல சொல்லியிருக்கா. ரெண்டு நாளு ரோசம் பாத்துட்டு, மூணாம் நாளு சாத்தூர்லருந்து பஸ் ஏறிட்டா. வாசல்ல செருப்பு விடுற சத்தம் கேட்டுச்சு. "மதினீ"ன்னு ஒரு குரலு. அப்புறம் கூடை விழுகுற சத்தம். ஆரஞ்சுப் பழம் உருண்டு என் ரூம் வாசப்படி வரைக்கும் வருது.

அப்புறம் எடுத்தா பாரு ஒரு சத்தம். "அய்யோ மதினி! எனக்கு ஒரு வார்த்தை சொல்லலையே! எல்லாத்தையும் முடிச்சுட்டுப் படத்தை மாட்டிட்டீகளே! நான் மூஞ்சியக்கூடப் பாக்கலையே!"

நான் கம்பளியை விலக்கிக் கதவிடுக்குல பாத்தேன். சுவத்துல மாலையும் பல்புமா என் படம் தொங்குறது அப்பத்தான் எனக்கே தெரியுது. தரையில உக்காந்து மாரு மாரா அடிச்சுக்கிறா. எந்திரிச்சுப் போயி, ஏ கூறுகெட்டவளே நான் இங்கதாண்டி இருக்கேன்னு சொல்லணுமா இல்லையா? சொல்லலை. நான் ஏன் சொல்லணும்? நல்லா அழட்டும்னு விட்டேன். இவ என்னை அழ வெச்ச கண்ணீருக்கு இன்னைக்குத்தான் கணக்குத் தீருதுன்னு, மூக்குல தைல வாசனையோட, ஓசைப்படாம நின்னு கேட்டேன். இனிச்சுச்சு தாயி. பொய் சொல்லக்கூடாது, தேனா இனிச்சுச்சு.

எப்பவும் நீங்க வாங்கன்னு பேசுறவ, அன்னைக்கு நீ போன்னு பேசுறா. "உன்கூடச் சண்டை போட இனி எனக்கு யாரு இருக்கா மதினி! காப்பி நல்லாருக்குன்னு ஒரு நாளு சொல்லலையே நான், சொல்லியிருக்கலாமே!" அப்புறம் சொல்றா, "ஆசைப்பட்ட சேலையைக் கட்டாமயே போயிட்டியே! மாம்பழக் கலரு கேட்டியே! என் வாயி, இந்த நாறவாயி, வேணாம்னு சொல்லுச்சே! கட்டாமயே போயிட்டியே!"

படத்துல கட்டியிருக்கிறது அந்தச் சேலைதான். எதுக்கதான் தொங்குது. அவளுக்குத் தெரியலை. எனக்கு என்னமோ ஒரு மாதிரி ஆயிருச்சு. ஆவி பிடிச்சதுல கண்ணுல தண்ணி வருமில்ல, அதான். போதும், போயிச் சொல்லிருவோம்னு காலை எடுத்து வெச்சேன்.

கால் வெக்கையிலயே அவ சொல்றா, "கறுப்பா இருந்தாலும் எம்புட்டுக் களையா இருப்ப மதினி!"

"யாருடி கறுப்பு?"ன்னேன்.

அவ திரும்புனா. தலை பூராக் கம்பளி, மூஞ்சியெல்லாம் வேர்வை, பின்னாடி ஆவி. "ஆத்தாடி"ன்னு ஒரு கத்து கத்திட்டு அப்படியே சாஞ்சுட்டா.

தண்ணி தெளிச்சு எழுப்புனேன். கண்ணைத் தொறந்தவ, என்னைத் தொட்டுப் பாத்தா, கன்னத்தைக் கிள்ளிப் பாத்தா. பெறகு வெச்சா பாரு முதுகுல ஒண்ணு. ஒண்ணா, மாறி மாறி வெக்கிறா. "உசுரோட இருந்துக்கிட்டா கேட்டுக்கிட்டிருந்த, பாவி"ங்கிறா. நானும் ரெண்டு குடுத்தேன். ரெண்டு பேரும் மூச்சு இளைச்சுப் போயி உக்காந்துட்டோம். காப்பி போட்டேன். "நல்லாருக்கு"ன்னா. தம்ளரைப் பாத்துக்கிட்டுத்தான் சொன்னா, ஆனா சொன்னா.

அதோட விட்டிருந்தா நானும் விட்டிருப்பேன். காப்பியைக் குடிச்சுக்கிட்டே படத்தை அண்ணாந்து பாக்குறா. "ஆனா மதினி, படத்துல இந்தச் சாம்பல் கலருச் சேலை உங்களுக்கு நல்லா எடுக்குது"ங்கிறா.

எப்படி இருக்கும் எனக்கு? நேரா பீரோவைத் தொறந்தேன். அடியிலருந்து இதை உருவிக் கொண்டாந்து அவ மடியில போட்டேன். "இதாண்டி அது. நீ எடுக்காதுன்ன சேலை. இதைக் கட்டித்தான் அந்தப் பாலத்துல நிக்கிறேன். பாரு, நல்லாப் பாரு"ன்னேன். தூக்கிப் பாக்குறா. கிட்ட வெச்சுப் பாக்குறா. வாசலுக்குக் கொண்டு போயி வெயில்ல பாக்குறா. "ஏன் மதினி, இது பழைய சேலையா? வெளுத்துப் போச்சா? பழுப்பாத் தெரியுதே"ங்கிறா. கிண்டல் பண்றான்னுதான் மொதல்ல நினைச்சேன். அப்புறம் பாத்தா, கீழ உருண்டு கிடந்த ஆரஞ்சையும் கையால தடவித்தான் எடுக்குறா.

கண்ணுல புரை. ரெண்டு கண்ணுலயும் முத்திப் போயிக் கிடக்கு. யார்கிட்டயும் சொல்லலை, ஊசி வெச்சுக் குத்துவாகன்னு பயம். நான் விடலை. நீ இதைப் பாத்தே ஆகணும்டின்னு மதுரைக்கு இழுத்துக்கிட்டு வந்து டாக்டர்கிட்டக் காட்டுனேன். ஆபரேஷனுக்கு நாள் குறிச்சா, பங்குனியில வேணாம்னா, சித்திரையில திருவிழான்னா, ஆடியில எவளாவது ஆபரேஷன் பண்ணுவாளான்னா. எல்லாத்துக்கும் ஒரே பதில்தான் சொன்னேன். நீ பாக்கணும்.

என்ன சொல்ற? சத்தமாச் சொல்லு, பஸ்ஸு இரைச்சல்ல கேக்கலை. அன்னைக்குக் கடையிலயும் அவளுக்குக் கண்ணு தெரியாமத்தான் சொல்லியிருப்பாளா? அதெல்லாம் கிடையாது. நல்லாத் தெரிஞ்சுதான் சொன்னா. பத்துப் பேரு முன்னாடி சொன்னா. நீ அவளுக்குப் பரிஞ்சு பேசாத தாயி. நீ யாரு பக்கம்?

இந்தப் பையா? இதுல மாத்துச் சேலை இருக்கு. ஃபிளாஸ்க்கு இருக்கு, பருப்புப் பொடி, அவளுக்குப் பிடிச்ச நார்த்தங்கா. குனியக்கூடாது, அடுப்புப் பக்கம் போகக்கூடாது, தலைக்குத் தண்ணி ஊத்தக்கூடாதுன்னு டாக்டரு சொல்லியிருக்காரு. நேத்து அவ மக கூட இருந்தா, இன்னைக்கு அந்தப் பிள்ளை அது ஊருக்குப் போகணும். ஒரு மாசத்துக்கு நான்தான் சாத்தூர்ல இருந்து பாத்துக்கப் போறேன். வேற யாரு இருக்கா? நான் பக்கத்துல இருந்தாத்தான தினமும் அவ என்னைப் பாத்துப் பாத்து வெந்து சாவா. மருந்து ஊத்துறப்பல்லாம் பாக்கணுமே.

நேத்து ஆபரேஷனுக்குப் போகையில மககிட்டச் சொல்லியிருக்கா, "கட்டுப் பிரிக்கையில மதினி மட்டும் எதுக்க இருக்கட்டும், வேற யாரும் வேணாம்"னு. பாத்தியா? பயம். நான் என்ன செய்யப் போறேன்னு அவளுக்குத் தெரிஞ்சு போச்சு.

அந்தப் படமா? ஹால்லதான் இருக்கு. மாலையைக் கழட்டிட்டேன். பல்பை எங்க வீட்டுக்காரக கழட்ட விடலை, நல்லா எரியுதுங்கிறாக.

இந்தா, மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டு வரப்போகுது. கொஞ்சம் என் முந்தானையைப் பின்னாடி சரியா எடுத்து விடு. கசங்கியிருக்கா? கொசுவம் நேரா இருக்கா? காலையில இருட்டுக்குள்ள கட்டுனது.

அவ எடுக்கலைன்னு சொல்லிட்டாள்னா? அதை நான் நினைக்காமயா இருப்பேன். ராவெல்லாம் அதைத்தான் நினைச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன். சொல்லட்டுமே. நல்லாப் பாத்துட்டுச் சொல்லட்டும். அப்புறம் என் பாடு, அவ பாடு.

ஏ தாயி, நீ முன்னப்பின்ன தெரியாதவ, பொய் சொல்ல உனக்கொண்ணும் அவசியமில்ல. உள்ளதைச் சொல்லு. இந்தக் கலரு எனக்கு எடுக்குதா?

இரு, இரு. வாயைத் தொறக்காத. நீ சொல்லி எனக்கென்ன ஆகப்போகுது.

அவ சொல்லணும்.